கீழே யாருமில்லாத தூண்

வந்திருப்பது நான், என் மனுசி, அண்ணி, மூன்று பேர்தான். லண்டன் ஓரத்தில் பழைய பிரபு குடும்பம் ஒன்றின் தோட்டம். மழை தூறுகிறது. கார் நிறுத்திய இடம் சரியோ, பைன் அடிப்பார்களோ என்று எனக்குப் பதற்றம். "வந்தால் கட்டுவம், முகத்தை நேராக்குங்கோ" என்கிறாள் மனுசி. அதைவிடப் பெரிய பதற்றம், இன்று அண்ணியிடம் கேட்க வேண்டியது. ஊரில் போர் முடிந்த நாளிலிருந்து, இத்தனை வருசமாய், என் அண்ணையைக் காணவில்லை. இந்த வருசமாவது அவருக்குத் திவசம் செய்ய அண்ணி ஓம் சொல்ல வேண்டும். அவ இன்னும் குங்குமப் பொட்டோடுதான் நிற்கிறா.

புல்வெளி நடுவில் பாசி பிடித்த உயரமான தூண். தோட்டத்துக் காவலாளி வெள்ளைக்காரர் சொல்வதை மனுசி தமிழில் சொல்கிறாள்: "கடலிலை காணாமல் போன புருசனுக்கு வீட்டுக்காரி கட்டினதாம். உடம்பு கிடைக்கேல்லையாம். கீழை ஒருத்தரும் இல்லையாம்."

இதுதான் நேரம் என்று வாயெடுக்கிறேன். "பாத்தீங்களே அண்ணி, உடம்பு இல்லாட்டிலும்..."

அண்ணி ஈரக் கல்லில் கை வைத்தபடி மனுசியிடம் திரும்புகிறா. "எத்தினை வருசம் பாத்திருந்து கட்டினவளாம்? கேளும் பிள்ளை."

மனுசி கேட்கிறாள். காவலாளி சொல்கிறார்.

"அடுத்த வருசமேயாம், அக்கா."

அண்ணி கையை எடுக்கிறா.

"அடுத்த வருசமேயோ? அவளுக்கு அவ்வளவு அவசரமோ?"