கைதட்டாத அந்த மனிதர்

காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

ஆஸ்திரேலிய கன்ட்ரி இசை வரலாற்றுக்கான முகநூல் குழுவொன்றில் எழுபதுகளின் படம் ஒன்று போட்டிருக்கிறார்கள். தாம்வொர்த் என்ற ஊரில் அந்த இசைக்கு விருது கொடுக்கத் தொடங்கிய காலம். "நம் இசையின் மைல்கல்" என்று தலைப்பு.

கூட்டமே கைதட்டுகிறது. முன்வரிசையில் கோட் போட்ட கறுத்த மனிதர் ஒருவர் மட்டும் தட்டவில்லை. வலதுகை தொடையில், சுண்டுவிரல் மட்டும் ஊன்றியிருக்கிறது.

"யார் இவர்? எதை எண்ணுகிறார்?" என்று கீழே ஒரே விவாதம்.

எண்ணவில்லை ஐயா, தாளம் போடுகிறார். அவர் என் அப்பா. அப்போது அந்த ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

அப்பா இப்போது இருப்பது நார்த்மீட் என்ற இடத்தில்; உடனே போன் போட்டுப் படத்தைப் பற்றிக் கேட்டேன்.

"ஓம், போனனான். விருது வாங்கின பாட்டில டிரம் அடிச்சவன் நடுவில தாளத்தை விட்டிட்டான். ஒருத்தரும் கவனிக்கேல்ல, எல்லாரும் கைதட்டினவை. அதை அங்க எழுது."

"அப்பா, ஐம்பது வருஷமாச்சு! அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"அப்ப நான் ஊருக்குப் புதுசு. வாயைத் திறக்கேல்ல."

அதிலிருந்து மூச்சுக்கு முந்நூறு தரம் போன் வருகிறது. "போட்டிட்டியோ?"

நான் இந்த நாட்டிலேயே பிறந்தவன். ஆனாலும் டைப் செய்வதும் அழிப்பதுமாகவே இருக்கிறேன்.

நீங்களே சொல்லுங்கள், போடவா?