இரண்டு துறைக்கும் ஆகாத ராணி

மீசை முளைத்த நாளிலிருந்து அதைச் சிரைப்பதுதான் என் பிழைப்பு. முள்ளுக்குறிச்சிப் பக்கத்துக் கூத்துக் குழுவில் எனக்கு ராணி வேஷம். என் அளவுக்குப் பெண்ணாக இருக்கப் பெண்களாலேயே முடியாது என்பது அப்போது என் கருத்து. வேறு யாருக்காவது அந்தக் கருத்து இருந்ததா என்று நான் விசாரித்ததில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலை மேல் அரியூர் நாட்டில் ஒரு திருவிழாவுக்கு ஆடப் போயிருந்தோம். புருஷனைப் பறிகொடுத்த ராணியாக விடிய விடியக் கதறியதில் தொண்டை கட்டிக்கொண்டது. அரிதாரம் முகத்தில் காய்ந்து தீயாய் எரிந்தது. உடனே கழுவியாக வேண்டும். வேட்டி இருந்த பெட்டியையோ சுமைக்காரர்கள் முன்னதாகவே அடிவாரத்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். சேலையோடேயே ஓடைக்கு நடந்தேன்.

ஆண்கள் துறையில் கால் வைத்ததும், குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கழுத்து மட்டும் தெரியத் தண்ணீரில் அமுங்கினார்கள்.

"ஏனுங்க அம்மிணி, பொம்பளைங்க தொறை மேல இருக்குதுங்க!" என்றார் ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு.

ஆண் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. சேலையை அவிழ்த்துப் போட்டிருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரு துறையே ஏமாந்து நிற்கிறதே என்று உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. முகம் எரிய எரிய, இடுப்பை ஒடித்து மேலே நடந்தேன். பெண்கள் துறைக்குள் போகும் எண்ணமில்லை. பாறைக்கு இப்பாலேயே நின்று ஒரு குடம் தண்ணீர் கேட்கலாம் என்று பார்த்தேன்.

நிறைகுடத்தோடு துறையிலிருந்து கரையேறி வந்த பெண் ஒருத்தி என்னைப் பார்த்த மாத்திரத்தில் வழியை மறித்தாள். "அங்கியே நில்லுங்க சாமி. ஆம்பளைங்க தொறை கீழ."

"எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கிசுகிசுத்தேன்.

"ராத்திரியே தெரியுமுங்களே. புருசனுக்கு அழுவறவ சேலை மடிப்பையா நீவி உட்டுக்குவா? எம்புருசன் தவறுனப்ப சேல எங்க கெடந்துதுன்னே எனக்குத் தெரியாதுங்க."

அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, குடத்தைச் சாய்த்து என் கையில் தண்ணீர் ஊற்றினாள். குனிந்து முகத்தைத் தேய்த்தேன். அவமானமாக இருந்தது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த ஊரிலும் ராஜா செத்தார். கதறினேன். கை தன்பாட்டுக்குச் சேலை மடிப்பைத் தேடிப் போனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன், அதில் பாட்டு மறந்துபோயிற்று. செத்துக் கிடந்த ராஜாதான் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார்.