ஒரு வெட்டு பின்னால்

காளியண்ணன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ராசிபுரம் வட்டாரத்தில் தன் கை படாத டிராக்டர் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். மறுத்துப் பேச யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

வெண்ணந்தூர் குமரகுருவுக்கு அந்தத் துணிச்சல் வந்தது. தன் பழைய டிராக்டரின் முன் ஆக்ஸிலைப் பிரித்துச் சேர்க்கக் கொடுத்திருந்தார். சக்கரம் திரும்பும் மூட்டில் இருக்கும் கிங் பின் புஷ் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார் காளியண்ணன். குச்சிக்கிழங்கு பிடுங்கிக் கிடக்கிறது, ஆலைக்கு ஏற்ற வேண்டும், அதெல்லாம் அடுத்த தடவை என்று குமரகுரு பிடிவாதம் பிடித்தார். ஆகவே சக்கரத்துக்குப் புது பேரிங் மட்டும் போட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பேரிங் சூடேறாமலிருக்க நட்டின் விளிம்பில் உள்ள வெட்டுகளில் ஒரு வெட்டு பின்னால் தளர்த்தி, நட்டு கழலாதபடி பின் சொருகினார். நாற்பத்திரண்டு வருஷமாக அதுதான் அவர் கணக்கு.

குமரகுரு வந்ததும் வராததுமாகச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது.

“ஏனுங்க, இதுக்குத்தான் மூணு நாளா? கலைமணி பட்டறைல உட்டிருந்தா அசையாம நின்னிருக்குமுங்க.”

எதிர் டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆட்டம் பேரிங்கில் இல்லை, புஷ்ஷில் என்று காளியண்ணன் சொல்லியிருக்கலாம். நேற்று முளைத்த கலைமணியின் பேர் காதில் விழுந்ததும் அவர் கை நேரே நட்டுக்குப் போனது. பின்னைப் பிடுங்கி, தளர்த்திய வெட்டையும் சேர்த்து இன்னொரு வெட்டும் இறுக்கினார். பாதி ஆட்டம் அடங்கியது.

“இப்பத் திருப்தியா, சாமி?”

வண்டி போய்விட்டது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேரிங் வெந்து சக்கரம் கழன்றால் ஊரெல்லாம் அவர் பேர்தான் உருளும். மொபெட்டை முறுக்கி, சேகோ ஃபேக்டரி வளைவில் டிராக்டரை மறித்தார். சக்கரத்தின் நடுவே ஹப்பில் வைத்த விரலைச் சூடு தாங்காமல் வெடுக்கென்று எடுத்தார்.

“கைய வெச்சுப் பாருங்க.”

குமரகுருவும் இழுத்துக்கொண்டார். “நீங்க இறுக்குனதுதானுங்களே?”

“ஆமா. உங்க பேச்சுக்கு ரோசப்பட்டு இறுக்குனேன். தப்புத்தான்.”

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டவர் அதுவரை இல்லை. நடு ரோட்டிலேயே ஜாக்கி வைத்து நட்டைப் பழைய இடத்துக்கே தளர்த்தினார். குமரகுருவின் கட்டைவிரலை கிங் பின் மூட்டில் அழுத்திவைத்துச் சக்கரத்தை ஆட்டினார். ஆட்டம் அங்கேதான் விரலை இடித்தது.

“புஷ் மாத்தாம வண்டி நகராதுங்க. கலைமணிகிட்டப் போறதுன்னா இங்கிருந்தே தள்ளிட்டுப் போங்க.”

குமரகுரு வண்டியைக் காளியண்ணன் பட்டறைக்கே திருப்பினார். பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது பேரிங் நல்லவேளையாகச் சூட்டில் நீலம் பூத்துக் கெட்டிருக்கவில்லை. புஷ் மாற்றி முடியும்வரை குமரகுரு வெயிலில்தான் நின்றார். காளியண்ணன் அவருக்கு ஸ்டூல் எடுத்துப் போடவில்லை.