பெரிய டாக்டரம்மாவுக்கு வைத்த பச்சைப் புள்ளி

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. புள்ளியக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். பத்தொன்பது வருடமாக என் பக்கத்து மேஜை. நான் அவரைப் பற்றி எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். எங்கள் பட்டியலில் உள்ள டாக்டர்களின் கிளினிக்குகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் போட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும். டாக்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா, என்னென்ன சிகிச்சை பார்க்கிறார், எங்கள் காப்பீட்டை ஏற்றுக்கொள்கிறாரா, புது நோயாளிகளை எடுக்கிறாரா. அப்புறம் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் அவருடைய பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்றால் கணினியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. காப்பீடு எடுத்தவர்கள் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் டாக்டரிடம் போகிறார்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது டாக்டர் என்று கணக்கு. மேலே உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டவன் வாழ்நாளில் ஒரு கிளினிக்குக்காவது போன் செய்திருக்க மாட்டான். எங்கள் குரலைக் கேட்டதும் ரிசப்ஷனில் இருப்பவர்கள் எரிந்து விழுவார்கள், இல்லையென்றால் காத்திருக்கச் சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வருடக்கணக்காக மாறாத டாக்டர் என்றால் போன் போடாமலே புள்ளி வைத்துவிடுவது. அதற்குப் பழக்கப் புள்ளி என்று பெயர். மேனேஜருக்கும் தெரியும், ஆனால் அவருக்கு எண்ணிக்கை வந்தால் போதும்.

புள்ளியக்கா மட்டும் பழக்கப் புள்ளி வைக்க மாட்டார். எந்த ரிசப்ஷன் பெண்ணுக்கு முழங்கால் வலி, எவளுடைய மகனுக்குப் பரீட்சை எல்லாம் அவருக்கு அத்துப்படி. இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் கேள்விக்கு வருவார். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அவர் நாற்பதையும் முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒரே ஒருவருக்கு மட்டும் அவரும் பழக்கப் புள்ளிதான் வைத்தார். அக்காவுடைய இரண்டு பிரசவத்தையும் பார்த்த மகப்பேறு மருத்துவர் அவர். இரண்டாவது குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தபோது, "பயப்படாதே, நான் இருக்கேன்ல" என்று சொல்லி இரண்டு உயிரையும் காப்பாற்றிக் கொடுத்தவர். அக்காவுக்கு அவர் பெரிய டாக்டரம்மா. ஒருமுறை நானே கேட்டேன், "அவங்களுக்கு மட்டும் ஏன்க்கா போன் போடறதில்ல?"

"என்னப்பா பேசறே? அவங்களுக்குப் போன் போட்டு, உங்க படிப்பு சரியா, பதிவு சரியான்னு கேக்கறதா? எனக்கு நாக்கு கூசும்."

அந்தக் கூச்சத்திலேயே பதினோரு முறை புள்ளி வைத்திருக்கிறார். கிட்டத்தட்ட மூன்று வருடம்.

அக்காவின் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, கணிதம் கற்றுக்கொடுக்கும் ஆசிரியை. இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணி என்ன செய்தாலும் அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சுழித்துவிடுவாள் அவள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, முப்பத்தொன்பது வயதில் அவளுக்குக் குழந்தை தங்கியது. அவள் கணவனுக்கு இடமாற்றம் வந்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது ஏழாவது மாதம் தொடங்கியிருந்தது. இரத்த அழுத்தம் வேறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பழைய டாக்டர் கோப்பைக் கையில் கொடுத்து, "ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையா டாக்டரைப் பாருங்க, ஒரு வாரம்கூடத் தள்ளாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஏழாவது மாதத்தில் வரும் புதுக் கேஸை எந்த மகப்பேறு மருத்துவரும் சுலபத்தில் எடுப்பதில்லை. நாத்தனார் அவளாகவே விசாரித்து ஒருவரைப் பிடித்துவிட்டாள். அவரிடம் ஒரே ஒரு இடம் இருந்தது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். முடிவு செய்வதற்கு முன் அண்ணிக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, மத்த விஷயத்துல உங்ககிட்ட ஆயிரம் சண்டை போடுவேன். ஆனா இதுல நீங்க சொல்றதுதான். யார்கிட்ட போகட்டும்?"

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை வருடத்தில் நாத்தனார் அவரிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. "பெரிய டாக்டரம்மாகிட்ட போ. கண்ணை மூடிக்கிட்டு போ" என்றார்.

"பிரசவம் பாக்கறாங்களா? நம்ம காப்பீட்டை எடுத்துக்கறாங்களா? செக் பண்ணிட்டீங்களா?"

"புள்ளி வச்சதே நான்தாண்டி!"

அந்த ஒரு வார்த்தைக்காக நாத்தனார் வெள்ளிக்கிழமை இடத்தை விட்டுவிட்டாள். திங்கட்கிழமை இரண்டு பேரும் பெரிய டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே நடந்ததை அக்கா என்னிடம் பிறகு சொன்னார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ரிசப்ஷன் பெண் காப்பீட்டு அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இந்த இன்ஷூரன்ஸ்லேர்ந்து நாங்க விலகி ரெண்டு வருஷம் ஆச்சு. அதுவும் இல்லாம மேடம் இப்போ பிரசவம் பாக்கறதில்லம்மா. கை நடுக்கம். ஆலோசனை மட்டுந்தான்."

"இன்ஷூரன்ஸ் லிஸ்ட்ல உங்க பேரு பச்சையா இருக்கே?" என்றாள் நாத்தனார்.

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி செக் பண்றாங்களாம். ஒரு தடவைகூட போன் வந்ததில்ல. உங்களை மாதிரி எத்தனை பேரு வயித்தைத் தூக்கிக்கிட்டு வந்து திரும்பிப் போறாங்க தெரியுமா? போன வாரம்கூட ஒரு பொண்ணு இங்கேயே உக்காந்து அழுதிச்சு."

நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் கோபம் அண்ணி மேல் அல்ல. "இவங்க அந்த ஆபீஸ்லதான் வேலை பாக்கறாங்க. இவங்க எவ்வளவு பொறுப்பா இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். இவங்க வச்சதுக்கு அப்புறம் எவளோ ஒரு சோம்பேறி செக் பண்ணாமலே புள்ளியை பச்சையா விட்டிருக்கா" என்றாள். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் அண்ணி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறீங்க? உங்க மேல என்ன தப்பு?" என்று கேட்டாள்.

அக்கா, "ஆபீஸ்ல ஏதோ குளறுபடி" என்று முனகியிருக்கிறார். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. பெரிய டாக்டரம்மா எட்டிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டு, "உன் ரெண்டாவது பையன் எப்படி இருக்கான்?" என்று விசாரித்தாராம். "அப்படியே பூமி பிளந்து உள்ளே போயிடணும்போல இருந்திச்சுப்பா" என்றார் என்னிடம்.

வீட்டுக்குப் போனதும் நாத்தனார் வெள்ளிக்கிழமை டாக்டருக்குப் போன் செய்து பார்த்தாள். அந்த இடம் போய்விட்டது. அன்று மாலை இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது.

மறுநாள் அக்கா சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்கவே இல்லை. பட்டியலில் பச்சைப் புள்ளியோடு இருந்த மகப்பேறு மருத்துவர்கள் பத்தொன்பது பேருக்கும் வரிசையாகப் போன் போட ஆரம்பித்தார். ஒரு எண் துணிக்கடையில் அடித்தது. ஒருவர் வெளிநாடு போய்விட்டார். இன்னொருவர் ஆறாவது மாதத்துக்கு மேல் எடுப்பதில்லை. ஏழாவது எண்ணை ஒரு வயதான அம்மாள் எடுத்தார்.

"அவர் தவறிப் போயி பதினாலு மாசம் ஆச்சும்மா. நம்பரை மட்டும் நான் இன்னும் ரத்து பண்ணல."

அக்கா போனை வைத்துவிட்டு அந்தப் புள்ளியை வைத்தவர் யார் என்று பார்த்தார். என் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. கணினித் திரையை என் பக்கம் லேசாகத் திருப்பினார். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்தப் புள்ளியை அவரே எடுத்திருந்தார்.

பன்னிரண்டாவதாக இருந்த டாக்டரின் ரிசப்ஷனிலும் முடியாது என்றுதான் சொன்னார்கள். அக்கா அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு நாத்தனாரின் கோப்பைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே போனார். மூன்று மணி நேரம் காக்க வைத்தார்கள். கடைசியில் அந்த டாக்டர் வெளியே வந்து, நின்றபடியே இரத்த அழுத்தக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க" என்றார். வேறு யாராக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு ஓடி வந்திருப்பார்கள். அக்கா கேட்டார். உங்கள் பதிவு எதுவரைக்கும் இருக்கிறது, நீங்களேதான் பிரசவம் பார்ப்பீர்களா, எந்த மருத்துவமனையில், அந்த மருத்துவமனையும் எங்கள் காப்பீட்டை ஏற்கிறதா என்று வரிசையாக.

டாக்டர் சிரித்துவிட்டார். "என்கிட்ட இவ்வளவு கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

அக்கா சிரிக்கவில்லை.

நாத்தனார் போனில் அழுதிருக்கிறாள். அண்ணி இல்லாவிட்டால் தன் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் அக்கா என்னிடம் வந்து, "அவகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன்" என்றார்.

"எதுக்குக்கா? அதான் டாக்டர் கிடைச்சாச்சே. சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றேன். அவருக்காகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பழக்கப் புள்ளி என்ற பேச்சே வெளியே போகக் கூடாது என்பதுதான் என் கவலை.

"எவளோ ஒரு சோம்பேறின்னு திட்டினா. அந்தத் திட்டு என்னைச் சேர வேண்டியதுப்பா. கேட்டுக்கிட்டு வந்துடறேன்."

போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். நாத்தனார் கத்தவில்லையாம். "சரி அண்ணி. இனிமே நானே பார்த்துக்கறேன்" என்றாளாம். அவ்வளவுதான். புது டாக்டரிடம் கூடப் போனது அவள் கணவன். மருத்துவமனை அனுமதிக் கடிதம் வாங்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தவள், அக்காவின் மேஜையைத் தாண்டி என்னிடம் வந்து உட்கார்ந்தாள். படிவத்தை நான் பூர்த்தி செய்து கொடுத்தேன். அக்கா வலிய வந்து, "கால் வீக்கம் குறைஞ்சுதாம்மா?" என்று கேட்டார். "ம்" என்றாள். போகும்போது என் போன் எண்ணை வாங்கிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அக்காவின் கணக்கு ஒரு நாளைக்குப் பதினைந்துக்கு இறங்கிவிட்டது. தான் வைத்த ஒவ்வொரு புள்ளிக்கும் மறுபடி போன் போட்டு, யார் எடுத்தார்கள், எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுத ஆரம்பித்தார். மேனேஜர் இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அக்கா இரண்டையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். நான் என் நாற்பதை முடித்துவிட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம். அக்காவுக்கு அந்தச் செய்தியைக் கணவர் சொன்னார், நாத்தனார் சொல்லவில்லை. பார்க்கப் போனபோது குழந்தையை ஒரு நிமிடம் கையில் கொடுத்தாளாம். பேச்சு மட்டும் கொடுக்கவில்லையாம்.

மூன்று வாரம் கழித்து ஒரு முற்பகலில் நாத்தனார் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், பாப்பாவுக்கு ஒரு நல்ல குழந்தை டாக்டர் வேணும். நீங்க பார்த்துச் சொல்லுங்க. அண்ணிகிட்ட கேக்க வேணாம்."

போனில் அவள் குரல் சத்தமாகத்தான் கேட்கும். பக்கத்து மேஜையில் அக்கா நிமிரவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் தள்ளினார். குழந்தை மருத்துவர் ஒருவரின் பெயர், பதிவு எண், அது எதுவரை செல்லும், எங்கள் காப்பீட்டை ஏற்கிறார், புதிதாகப் பிறந்த குழந்தைகளை எடுக்கிறார், யாரிடம் கேட்டது, நேற்று காலை எத்தனை மணிக்கு, எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. அடியில், 'நான் சொன்னதாகச் சொல்லாதே' என்று எழுதியிருந்தார்.

நான் அதைப் பார்த்துப் போனில் படித்துச் சொன்னேன்.

"எப்போ கேட்டீங்க சார்?"

"நேத்து காலையில, பதினொன்றரைக்கு."

"நீங்களே பேசினீங்களா?"

அக்கா என்னைப் பார்த்து, ஆமாம் என்று சொல் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"ஆமாம்மா, நானேதான் பேசினேன்" என்றேன்.

"ரொம்ப நன்றி சார். உங்களை மாதிரி ஒருத்தர் அந்த ஆபீஸ்ல இருக்கறதாலதான் தைரியமா இருக்கு."

செத்துப் போனவருக்குப் பதினாலு மாதம் புள்ளி வைத்தவன் நான்தான் என்று அவளிடம் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. "பரவாயில்லம்மா" என்று சொல்லிப் போனை வைத்தேன். அக்கா அதற்குள் அடுத்த கிளினிக்குக்குப் போன் போட்டு, யாருடைய முழங்கால் வலியையோ விசாரித்துக்கொண்டிருந்தார்.