சுருளி பார்த்து வாங்கிய மெஷின்

செல்லூரில் ஜெயபாண்டியின் லேத் பட்டறை எங்கே என்று விசாரித்தால், "நம்ம சுருளி வேலை பாக்குற இடமா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். முதலாளியான ஜெயபாண்டிக்கு அது பிடிக்காது. பிடிக்கவில்லை என்று காட்டிக்கொள்ளவும் மாட்டார். பத்தொன்பது வருஷமாக ஒரே லேத்தின் முன்னால் நின்று, விசைத்தறிக்காரர்கள் கொண்டுவந்து போடும் தேய்ந்த ஷாஃப்டையும் புஷ்ஷையும் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தவன் சுருளி. உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஐ.டி.ஐ. படிக்க வந்தவன் அப்படியே மதுரையில் தங்கிவிட்டான். கோபப்படத் தெரியாத மனுஷன். அது எவ்வளவு பெரிய குறை என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

லேத்தில் உருண்டையாக எதை வேண்டுமானாலும் கடையலாம். பல்சக்கரத்துக்குப் பல் வெட்ட முடியாது. அதற்கு மில்லிங் மெஷின் வேண்டும். இல்லாத பாவத்துக்கு, பல் வெட்டும் வேலையெல்லாம் வேறொரு பட்டறைக்குப் போய், அங்கே வாரக்கணக்கில் தூங்கியது. ஏழெட்டு வருஷம் சுருளி நச்சரித்த பிறகு ஜெயபாண்டிக்கு மனசு இறங்கியது.

"கோயம்புத்தூர்ல பழசு நல்லதா ஒண்ணு பாருடா. வந்துச்சுன்னா நீதான் அதுக்கு ஆபரேட்டர். லேத்துக்கு வேற ஆளப் போட்டுக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தையில் சுருளிக்கு வயசு பத்து குறைந்துவிட்டது. நாலு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூருக்கு அலைந்தான். புது பெயிண்ட் அடித்து ஏமாற்றப் பார்த்தவர்களையெல்லாம் தாண்டி, ஆறாவது குடோனில் அதைக் கண்டான். ஒன்றரை டன். ஒவ்வொரு கைப்பிடியையும் சுற்றி ஆட்டம் பார்த்தான். வெட்ட வேண்டிய இரும்பை வைக்கும் டேபிளின்மேல் கன்னத்தை வைத்து மட்டம் பார்த்தான். வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாட்டின்போதும் அதே பேச்சு.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப இம்புட்டு நேரம் பாத்தீகளா?" என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி அன்னக்கொடி.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாளில் மெஷின் வந்தது. லாரி சந்துக்குள் நுழையாது. கிரேன் வைத்து மெயின்ரோட்டில் இறக்கி, அடியில் இரும்புக் குழாய்களைக் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி நெம்பி உருட்டிக்கொண்டு போக வேண்டும். விருமாண்டியும் அவனுடைய ஐந்து ஆட்களும் அதற்காக வந்திருந்தார்கள்.

"டேபிள்ல மட்டும் கடப்பாரை படக்கூடாதுண்ணே. ஒரு வடு விழுந்தாலும் மெஷின் போச்சு" என்று விருமாண்டியிடம் நாலு தடவை சொன்னான் சுருளி. பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மெஷின்மேல் ஏறினான். இந்த மாதிரி மெஷினுக்குக் கனமெல்லாம் மேலே, மோட்டார் உட்கார்ந்திருக்கும் தலையில். பாதம் சின்னது. நகர்த்தும்போது நாலு போல்ட்டைத் தளர்த்தித் தலையைக் கீழே தொங்கவிட்டுவிட வேண்டும். தொங்கவிட்டால் மெஷின் சாயாது. தொழில் தெரிந்தவன் எவனும் அப்படித்தான் செய்வான்.

"ஏய், என்ன பண்ணுற?" ஜெயபாண்டி ஓடிவந்தார். மெஷின் தலைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலையை அவரே போட்டுவிட்டிருந்தார். வாசலில் அவர் மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"தலையை இறக்கிருவோம்ண்ணே. மேல கனம். சாஞ்சுரும்."

"முத முதல்ல வாசல் ஏறுது. தலையத் தொங்கப்போட்டுக்கிட்டா ஏறணும்? எழவு வீட்டுக்கா வருது? நிமிந்து வரட்டும்டா."

"இல்லண்ணே, உள்ள போனதும் நிமித்திக்கலாம்..."

"நீ ஆபரேட்டர்தான? ஆபரேட்டர் வேலைய மட்டும் பாரு."

சந்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுருளி இறங்கிவிட்டான். இறங்கியிருக்கக் கூடாது. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, நீங்களே தள்ளிக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு முறைத்துக்கொண்டால் அந்த ஆபரேட்டர் வேலை கைநழுவிவிடுமே என்ற பயம் அவனுக்கு.

நிமிர்ந்த தலையும் மாலையுமாக மெஷின் சந்தில் வந்தது. பட்டறை வாசலில் சாக்கடைக்கு மேல் போட்டிருந்த பலகைக்கல்லில் முன்குழாய் ஏறியதும் கல் ஒரு பக்கம் அமுங்கியது. மெஷின் வலப்பக்கம் சாய்ந்தது.

"விலகுங்கடா!" என்று கத்தினான் விருமாண்டி. எல்லோரும் துள்ளி விலகினார்கள். சுருளி மட்டும் பிடிக்கப் போனான். ஒன்றரை டன்னை ஒற்றைக் கையால் பிடிக்க முடியாதென்று அவனுக்குத் தெரியாதா? கை அதைக் கேட்கவில்லை. வாசல் தூணுக்கும் மெஷினுக்கும் நடுவே அவனுடைய வலது கை மாட்டிக்கொண்டது.

அவன் போட்ட அலறலில் அக்கம்பக்கத்துத் தறிகளெல்லாம் நின்றன. விருமாண்டி கடப்பாரையோடு பாய்ந்தான். நெம்புவதற்கு வாகான இடம் டேபிளுக்கு அடியில்தான் இருந்தது.

"டேபிள்ல போடாத! மட்டம் போயிரும்! சுருளியே சொன்னான்ல!" என்று கத்தினார் ஜெயபாண்டி.

விருமாண்டி அப்படியே நின்றான். முதலாளி சொல்கிறார், சுருளியும் காலையில் அதைத்தான் சொன்னான். டயர் கடையிலிருந்து ஜாக்கி வாங்கிவர ஆள் ஓடியது. வந்துசேர இருபது நிமிஷம். அதற்குள் கூட்டத்தில் ஒருத்தன், "காவு வாங்கிருச்சுப்பா, இனிமே பட்டறை பிச்சுக்கிட்டுப் போகும்" என்றான். ஜெயபாண்டி அவனை அதட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் ஜெயபாண்டி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். சுருளி முதலில் கேட்டது, "மெஷின் எப்படிண்ணே இருக்கு?" என்றுதான். இப்படிப்பட்டவனை என்ன சொல்லித் திட்டுவது?

"ஒரு கீறல் இல்லடா! அப்புறம் நீ சொன்ன மாதிரி தலையத் தொங்கப்போட்டுத்தான் உள்ள கொண்டுபோனோம். பூ மாதிரி போயிருச்சு" என்றார் அவர், முகமெல்லாம் சந்தோஷமாக. "முகேஷ்னு ஒரு பையன், டிப்ளமா படிச்சவன், நேத்துலருந்து ஓட்டுறான். பல்லு என்னமா வெட்டுறாங்குற!"

அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"ஸ்டேஷன்ல கேக்குறாங்கடா. தலைய இறக்க வேணாம்னு நீயேதான் சொன்னேன்னு எழுதியிருக்கேன். சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு."

"அவரு இறக்கணும்னுதானண்ணே சொன்னாரு!" கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி எழுந்துவிட்டாள். "நீங்கதான மாலையக் காட்டி வேணாம்னீங்க! அம்புட்டு சனமும் பாத்துச்சே!"

"பாத்த சனம் சோறு போடுமா தங்கச்சி? கூட்டிப் பெருக்கிக்கிட்டு, வாசல் கேட்டப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்னு நான் இடம் வச்சிருக்கேன். அது வேணுமா வேணாமா?"

அன்னக்கொடி மறுபடி உட்கார்ந்துவிட்டாள். சுருளி அவளைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான், பிறகு இடது கையைப் பேனாவுக்கு நீட்டினான். முதல் எழுத்தையே அவனால் போட முடியவில்லை. கோடு இழுத்துக்கொண்டு போனது.

"விடு, விடு, காயிதம் வீணாயிரும்" என்று பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, மைப்பெட்டியைத் திறந்தார் ஜெயபாண்டி. அதையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். சுருளியின் பெருவிரலைத் தானே பிடித்து மையில் ஒற்றினார்.

"நல்லவேளை, ஆம்பளைக்கு ரேகை வைக்க இடது கைதான்."