சக்கரத்தின் பின்னால் கொளஞ்சி

பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி காருக்குள் பாதி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பிக் கியரைப் போடுவார் கொளஞ்சி. தூக்கிய சக்கரம் சுழலும். தரையில் உள்ளது அசையாது. தலையைப் பின்பக்கம் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டே பின்பக்க அச்சின் நோயைச் சொல்லிவிடுவார். "பல்லு தேயல. பேரிங்குதான் அழுவுது." பிறகு வண்டிக்காரரைப் பார்த்து, "ஓட்டுனியா, ஏரு உழுதியா?"

கருவடிக்குப்பத்தில் ஓலைக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. பஞ்சாலையில் பிட்டராக இருந்தவர். தன்னைப் பற்றிப் பேசும்போது "நான்" என்று சொல்லமாட்டார். "கொளஞ்சி கை வச்சா ஓடாத வண்டி ஏது?" என்பார். மனைவி வசந்தா சாப்பாடு கொண்டுவரும்போது, "ஊரு வண்டியெல்லாம் ஒம் பேச்சக் கேக்குது, வூட்டுத் தாப்பா மட்டும் கேக்கல" என்று குத்துவார். வீட்டுத் தாழ்ப்பாள் உடைந்து வெகுநாளாகிறது.

அவருக்குப் பெருமை தேவதாஸின் பந்தயக் கார். தேவதாஸை அவர் 'முசே' என்றுதான் அழைப்பார். பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் அந்த மரியாதை போகவில்லை. மெட்ராஸ் பந்தயத்தில் அந்தக் காருக்கு ஒரு தொல்லை இருந்தது. வளைவில் வேகமாகத் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் பிடி விட்டு வீணாகச் சுற்றும். அது சுற்றும்வரை, நன்றாகப் பிடித்திருக்கும் வெளிச்சக்கரத்துக்கும் தள்ளும் வலு வராது. கப்பலேறிய பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து தேவதாஸ் பின் அச்சில் பொருத்த வேறொரு பல்சக்கரப் பெட்டி வாங்கி வந்தார். பிரித்தால், உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள்.

"மில்லுல கிளட்ச்சுல பாத்த தட்டு மாதிரிதான் முசே. ஒரு சக்கரம் வழுக்குனா இதுங்க ஒண்ண ஒண்ணு இறுக்கிப் புடிக்கும். மத்த சக்கரத்தயும் கூட இஸ்துக்கினு போவும்" என்றார் கொளஞ்சி.

இவ்வளவும் சொன்னவர், பெட்டியைப் பூட்டியதும் வழக்கம்போல ஒரே சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். தலையைச் சாய்த்துக் கியரைப் போட்டார். தரையிலிருந்த சக்கரமும் உருண்டது. கார் ஜாக்கியை உதைத்துவிட்டு ஓடித் தண்ணீர்த் தொட்டியில் முட்டியது.

தேவதாஸின் முகம் மாறியது. "ரெண்டு சக்கரத்தயும் ஒண்ணா ஒட்டிட்டியா? ஞாயித்துக்கெழம பந்தயம். வேணாம்ப்பா, மெட்ராசுலயே குடுத்துக்கறேன். இனிமே இந்த வண்டிய நீ தொடாத."

கொளஞ்சியால் அதைத் தாங்க முடியவில்லை. அந்தக் கார் தன் கொட்டகையில் நிற்பதைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"தப்பு கொளஞ்சி கையிமேல முசே, பொட்டிமேல இல்ல. பிள்ளைச்சாவடி வரிக்கும் வாங்க. அங்க மண்ணுல நின்னுடுச்சின்னா, கொளஞ்சியே மெட்ராசுக்குத் தள்ளிக்கினு போவான்."

பிள்ளைச்சாவடியில், இடப்பக்கச் சக்கரங்கள் தார்ச்சாலையிலும் வலப்பக்கச் சக்கரங்கள் மணலிலுமாகக் காரை நிறுத்தச் சொன்னார். மற்ற கார் என்றால் மணலில் உள்ள பின்சக்கரம் நின்ற இடத்திலேயே குழி பறித்து, பின்னால் இருப்பவர்மேல் மணலை வாரி இறைக்கும். கொளஞ்சி நேராக அந்தச் சக்கரத்தின் பின்னால் போய் நின்றார்.

மீன் கூடையோடு வந்த வீராயி திகைத்தாள். "யோவ், இன்னா அங்க போயி நிக்கிற? மூஞ்சியெல்லாம் மண்ணு வாரி அடிக்கும், ஒத்து!"

"அடிக்காது. நீ பாரு. முசே, அழுத்துங்க!"

எஞ்சின் உறுமியது. இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்தே சுழன்றன. கார் ஒருமுறை குலுங்கி, மணலைவிட்டுத் தாரில் ஏறிப் பாய்ந்தது. சற்றுத் தூரத்தில் நிறுத்தி, தேவதாஸ் தலையை நீட்டினார். "ஞாயித்துக்கெழம நீயும் வா கொளஞ்சி! வண்டி ஒங்கிட்டயே இருக்கட்டும்!"

வீராயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வண்டி பூடுச்சிய்யா! கண்ணத் தொறய்யா!"

கொளஞ்சி ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்தார்.