ஆரணியில் நற்கருணைக்குப் பெயர் கொடுத்த கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் சாமுவேலும் ஆரணிக்குப் போனோம். பட்டுப்புடவைக் கடை விவரம் தேடி இந்தப் பக்கம் வந்தவர்கள் மன்னிக்கவும். நாங்கள் ஒன்பது வருடமாக இணையராக வாழும் இரண்டு ஆண்கள். இருவரும் லுத்தரன் சபையில் பிறந்து வளர்ந்தவர்கள். விஷயம் தெரிந்ததும் சென்னையில் எங்கள் சபை, ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறும் நற்கருணை எங்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டது. சாமுவேல் திடப்படுத்தல் எடுத்து, அதாவது விசுவாசத்தை அறிக்கையிட்டு, முதல் நற்கருணை வாங்கியது ஆரணியை அடுத்த சேவூர்ப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில். அங்கே மண்டியிட்டு அப்பம் வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. மறுபடியும் ஒரு 'இல்லை' கேட்க வேண்டுமா என்பது என் பயம்.

கோயம்பேட்டில் காலை 10.40க்குப் பேருந்து. சுமார் 140 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். நான் சும்மா உட்கார முடியாதவன். ஆற்காடு வருவதற்குள் பதினைந்து தடவையாவது மணி பார்த்திருப்பேன். பழைய பேருந்து நிலையம் பக்கத்தில் விடுதி, இருவருக்கு 900 ரூபாய்.

எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு நற்கருணை எடுப்பவர்கள் சனிக்கிழமையே போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டும். போதகரை நாங்கள் ஐயர் என்போம். ஐந்து மணிக்கு அந்தக் கோயிலுக்குப் போனோம். ஐயருக்கு ஐம்பது வயதிருக்கும். நோட்டில் சாமுவேல் பெயரை எழுதிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க இவருக்கு என்ன ஆவணுங்க?"

"ரூம்மேட்டுங்க" என்றேன்.

வாய் முந்திக்கொண்டது. ஐயர் என் பெயரையும் எழுதிக்கொண்டார். திரும்பி வரும்போது சாமுவேல் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினான். "பொய் சொல்லிட்டு அங்க மண்டி போட மாட்டேன்."

ஞாயிறு காலை ஆராதனை 8.30க்கு. ஏழே காலுக்கே ஆட்டோ பிடித்தேன், 100 ரூபாய். சாமுவேல் பிறகு வருவதாகச் சொன்னான். சேவூரில் தெருவை அடைத்து நெசவுக்குப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். "பாவு போட்டுகினு இருக்காங்க, தாண்டக் கூடாதுங்க. அரை மணி ஆவும்" என்றார் ஓட்டுநர். எனக்கு அரை நிமிஷம்கூடப் பொறுமை இல்லை. இறங்கி, வயல் வரப்பைச் சுற்றி ஓடினேன். செருப்பெல்லாம் சேறு.

அங்கி மாட்டிக்கொண்டிருந்த ஐயரிடம் மூச்சிரைக்க உண்மையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்வீடன்ல லுத்தரன் கோயில்லயே இந்த மாதிரி ஜோடிக்குக் கல்யாணம் பண்ணி வெக்கிறாங்க, தெரியும். நம்ம சபை பாவம்னுதான் சொல்லுது. நானும் அப்படித்தாங்க படிச்சேன். ஆனா பேரை அடிக்கக் கை வரல. முன்னால வாங்க. நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல."

ஆராதனைக்கு வந்த சாமுவேலிடம் ஐயரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். எல்லோரும் முன்னால் போனபோது நாங்களும் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டோம். ஐயர் வரிசையாக அப்பம் கொடுத்துக்கொண்டே வந்தார். எங்கள் முன்னால் நின்றார். தட்டைக் கொண்டுபோய்ப் பலிபீடத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு கையை அவன் தலையிலும் ஒரு கையை என் தலையிலும் வைத்து ஜெபித்தார்.

திடப்படுத்தல் எடுக்காத குழந்தைகளுக்கு அப்படித்தான் செய்வார்கள், நம்மைத் தள்ளித்தான் வைத்தார் என்கிறான் சாமுவேல். கல்யாணத்தில் ஜோடியை மண்டியிட வைத்தும் அப்படித்தான் செய்வார்கள் என்கிறேன் நான். அப்பம் கிடைக்காத கோபம் எனக்கும் ஆறவில்லை. இருந்தாலும் அந்தக் கையின் கனத்தை இன்னும் உணர்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். காலையில் சேவூர்த் தெருக்களில் பாவு இருக்கும், அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஐயர் உறவு கேட்டால் முதல் தடவையே உள்ளதைச் சொல்லுங்கள். நான் மறுநாள் காலைதான் சொன்னேன். அதற்குள் சாமுவேல் ஒரு இரவு முழுக்க என் ரூம்மேட்டாக இருந்தான்.